மூவர் வரிசையின் நடு ஆள்

கால்டர் வெல்ஸ், டெக்சாஸ்
ஆகஸ்ட் 19, 1979

ஐரீன்,

உதவிக் கோச் வேலையில் சேர்ந்தாயிற்று. அறையும் கிடைத்துவிட்டது, மாட்டுத் தீவனக் கடைக்கு மேலே. போன் கீழே வீட்டுக்காரம்மாவுடையது. நான் பேசும்போது அவள் கதவைத் துடைக்கிற சாக்கில் நிற்கிறாள். உன் பக்கத்தில் மார்ட்டி நிற்கிறான். அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

போன ஞாயிறு அவன் என்னிடம், "அப்பா, கோச் டெனிசன் மூணு பேர் வரிசை போடறாரு. நடுவுல நான்தான்" என்றான். என் வேலைக்கு வந்தவன் பெயரைச் சொல்லும்போது குரலில் அவ்வளவு பெருமை. நான் "சரிடா" என்று சொல்லி போனை உன்னிடம் கொடுக்கச் சொன்னேன். அதற்கு மேல் பேசினால் தப்பாக ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயம்.

நான் அங்கே ஃபுட்பால் கோச்சாக இருந்தவரை, எதிரணி பந்தைக் கையில் எடுத்து ஓடிவருவதைத் தடுக்க முன்வரிசையில் நான்கு பேர் வைத்தேன். எதிரணியில் ஐந்து பேர் சுவராக நிற்பார்கள். என் பையன்கள் ஆளுக்கொரு சந்தைப் பார்த்து நின்று, பந்து அசைந்ததும் நுழைவார்கள். ஒவ்வொருவனுக்கும் எதிரே பெரும்பாலும் ஒருவன்தான். மூன்று பேர் வைத்தால் கணக்கே வேறு. நடு ஆள் பந்துக்கு நேர் எதிரே, மூக்குக்கு மூக்கு நிற்க வேண்டும். இரண்டு பக்கத்துச் சந்தும் அவன் பொறுப்பு. எதிரே இருப்பவனும் அவன் பக்கத்திலிருப்பவனும் சேர்ந்து அவன்மேல் விழுவார்கள், ஒவ்வொரு முறையும். அவன் நகராமல் தாங்கினால் பின்னால் நிற்கும் நான்கு லைன்பேக்கர்கள் கை வீசி ஓடிப்போய்ப் பந்துக்காரனைப் பிடிப்பார்கள். பேப்பரில் படம் அவர்களுக்கு வரும்.

அந்த இடத்துக்கு மாட்டுக் கழுத்து வேண்டும். மார்ட்டிக்கு வாய்த்திருப்பது உன் வீட்டுக் கழுத்து. கவனித்துக்கொள்.

லூ

ஸ்டோன் ஃபெரி, ஒஹாயோ
ஆகஸ்ட் 27, 1979

லூ,

கல்யாணம் ஆன நாளிலிருந்து சமையலறைச் சுவரில் வெள்ளைத் துணி கட்டி, ஆட்டப் படத்தை முன்னும் பின்னும் ஓட்டி, யார் எந்தச் சந்தில் நின்றான் என்று உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். எனக்கே நால்வர் வரிசை பாடமா? என் வீட்டுக் கழுத்தைப் பற்றி எழுதியதற்குத் தனியாகக் கவனித்துக்கொள்கிறேன்.

கோபப்படாமல் படி. அந்த நால்வர் வரிசையை வைத்து இரண்டு வருடமாக நாம் யாரை ஜெயித்தோம்? "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று ஊர் சொல்லும். ஊர் என்ன, நானே சொல்வேன். டெனிசன் சின்ன வயசுக்காரன், கல்லூரி அணியில் வேலை பார்த்துவிட்டு வந்தவன், அவனுக்கு ஒன்று தெரிந்திருக்கிறது. எஃகு மில்லில் ஆள் குறைப்பு ஆரம்பித்ததிலிருந்து வாரத்துக்கு ஒரு குடும்பம் ஊரைக் காலி செய்கிறது. பெரிய உடம்புப் பையன்கள் என்று மூன்றே பேர்தான் மிச்சம். நான்காவதுக்கு அவன் எங்கே போவான்?

மார்ட்டிக்குப் பள்ளியில் இது கடைசி வருடம். ஆட்டத்துக்காக ஒரு கல்லூரி அவனை எடுத்துக்கொண்டால் இலவசப் படிப்பு. எடுக்காவிட்டால் மில், அதுவும் திறந்திருந்தால். அதற்காகத்தானே நீ அங்கேயும் நான் இங்கேயுமாகக் கிடக்கிறோம். அவன் சந்தோஷமாக இருக்கிறான், லூ. உன் வருத்தம் அவன் கழுத்துக்காகவா, உன் நான்கு பேருக்காகவா என்று ஒரு தடவை உன்னையே கேட்டுப் பார்.

வீடு விற்கவில்லை. பார்க்கக்கூட யாரும் வரவில்லை.

ஐரீன்

ஸ்டோன் ஃபெரி
செப்டம்பர் 16, 1979

லூ,

மூன்று ஆட்டமும் ஜெயித்தாயிற்று. நீ பேப்பரில் பார்த்திருக்க மாட்டாய், அதனால் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை மாதாகோவில் நிலவறையில் பியரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு மடித்துக்கொண்டிருந்தோம். உருளைக்கிழங்கை வைத்து ஓரத்தைக் கிள்ளும்போது பக்கத்தில் நின்ற ஸ்டெல்லா என் முகத்தைப் பார்த்தே, "புது கோச் வந்ததும் பசங்க ஆம்பளைங்க மாதிரி ஆடறாங்கடி" என்றாள். நான் இன்னும் நாலு கிள்ளு கிள்ளினேன், மாவைத்தான்.

மார்ட்டியின் பெயரை யாரும் சொல்வதில்லை. ஒலிபெருக்கியில் லைன்பேக்கர்கள் பெயர்தான் வருகிறது. நீ சொன்னபடியேதான். பந்து அசைகிறது, இரண்டு பேர் அவன்மேல் விழுகிறார்கள், அவன் அடியில் போகிறான், மேலே யாரோ ஒருவன் கையைத் தூக்கிக் குதிக்கிறான். எனக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் தொல்லை. மற்ற அம்மாக்கள் பந்தைப் பார்க்கிறார்கள்.

எழுத வேண்டாம் என்று இருந்தேன். நேற்றுக் காலை அவன் சட்டைப் பித்தானைப் போட முடியாமல் நின்றான். வலது கை. நான் போய்ப் போட்டுவிட்டேன். "என்னடா?" என்றேன். "தூங்கும்போது கைமேல படுத்துட்டேம்மா" என்றான். பத்து மணிக்கு எழுந்தவன் மத்தியானம் வரை இடது கையால்தான் சாப்பிட்டான்.

இதைப் படித்துவிட்டு "நான் அப்பவே சொன்னேன்" என்று மட்டும் எழுதாதே. என்ன செய்வது என்று எழுது.

ஐரீன்

கால்டர் வெல்ஸ்
செப்டம்பர் 21, 1979

ஐரீன்,

நான் அப்போதே சொன்னேன் என்று எழுதவில்லை.

அதை நாங்கள் "கொட்டு" என்போம், தேள் கொட்டுகிற மாதிரி இருக்கும் என்பதால். தலை ஒரு பக்கமும் தோள் மறுபக்கமும் இழுபட்டால் கழுத்திலிருந்து விரல்வரை நெருப்பு ஓடும், அப்புறம் மரத்துப்போகும். ஒரு தடவை வந்தால் பத்து நிமிடத்தில் போய்விடும். யாருக்கும் வரும். மத்தியானம் வரை இருந்தது என்றால் அது முதல் தடவை இல்லை. அவன் மறைத்திருக்கிறான்.

எதிரே ஒருவன் மட்டும் என்றால் அடி எங்கிருந்து வருகிறது என்று தெரியும், கழுத்தை இறுக்கலாம். முன்னால் ஒருவனைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டில் இன்னொருவன் வந்து மோதினால் எதை இறுக்குவது? இதுதான் வித்தியாசம். என் நான்கு பேரைக் காப்பாற்ற எழுதவில்லை, அம்மாடி.

டாக்டரிடம் கூட்டிப் போ. டெனிசனிடம் நான் பேச முடியாது. உனக்கே தெரியும். வேலை போன கோச், வந்த கோச்சிடம் "உன் பையனை இங்கே நிறுத்து, அங்கே நிறுத்து" என்று சொல்லக் கூடாது. எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் சொல்லக் கூடாது. சொன்னால் நாளைக்கு எந்தப் பள்ளிக்கூடமும் என்னை உள்ளே விடாது. பேசினாலும் தோற்றவன் பொறாமை என்றுதானே அவன் நினைப்பான்? நீயே நினைத்தாய்.

லூ

ஸ்டோன் ஃபெரி
அக்டோபர் 3, 1979

லூ,

டாக்டரிடம் போனேன். அணிக்கு டாக்டர் யார் என்று ஞாபகம் இருக்கிறதா? மார்ட்டி பிறந்தபோது எனக்குப் பிரசவம் பார்த்தவரேதான். மைதானத்துக்கு இலவசமாக வருகிறாரே என்று நாம்தான் கைதட்டினோம். அவன் கையை மடக்கினார், நீட்டினார். "பிடி பலமா இருக்கு. வளர்ற வயசு. எதுக்கும் கழுத்துக்கு ஒரு பட்டை போட்டுக்கட்டும்" என்றார். பிள்ளை பிறந்தபோதும் இதே குரலில்தான் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்.

பிறகு வெட்கத்தை விட்டு டெனிசனிடம் போனேன். மரியாதையாக எழுந்து நின்றான். "மேடம், அவனை வெளியில உக்கார வைக்கலாம். ஆனா அவனே வேண்டாங்கறான். கை சரியாயிடுச்சுன்னு சத்தியம் பண்றான்" என்றான். நான் நடுவிலிருந்தாவது நகர்த்தச் சொன்னேன். அப்போது அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான்.

"அவனை நடுவுல நிறுத்தச் சொன்னதே உங்க வீட்டுக்காரர் கோச் பெட்ராக்தானே, மேடம்?"

நீ ஊரைவிட்டுப் போவதற்கு முந்தின வாரம், வழக்கப்படி, அவன் உனக்கு போன் செய்து ஒவ்வொரு பையனைப் பற்றியும் கேட்டானாமே. போகிற கோச் வருகிற கோச்சுக்கு ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்பது உங்கள் தர்மம். மார்ட்டியைப் பற்றி நீ என்ன சொன்னாய் என்று அவன் அப்படியே சொன்னான். "ரெண்டு பேரு விழுந்தாலும் நகர மாட்டான். ஒரு நாளும் வெளிய வர்றேன்னு கேட்க மாட்டான். அவனைச் சுத்தி என்ன வேணும்னாலும் கட்டு."

"அதை வெச்சுத்தான் மேடம் மூவர் வரிசையே யோசிச்சேன்" என்றான். நன்றி சொல்கிற மாதிரி சொன்னான்.

நான் வீட்டுக்கு வந்து அடுப்புக்கு முன்னால் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?

ஐரீன்

கால்டர் வெல்ஸ்
அக்டோபர் 9, 1979

ஐரீன்,

ஊருக்கு என்மேல் இருக்கிற கசப்பில் டெனிசன் மார்ட்டியைப் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவான் என்று பயந்தேன். பழைய கோச்சின் மகனை அப்படிச் செய்வது எங்கும் நடக்கிறது. கொஞ்சம் தூக்கிச் சொன்னேன். எந்த அப்பனும் சொல்வதுதான். அவன் அதை நம்பி வரிசையையே மாற்றுவான் என்று கனவா கண்டேன்? சொன்னது பொய்யும் இல்லை. அதுதான் என் கஷ்டம்.

இன்னொன்றும் இருக்கிறது. இங்கே தலைமைக் கோச் போன மாதம் மூவர் வரிசைக்கு மாறிவிட்டார். எல்லோரும் மாறுகிறார்களாம். சொல்லிக் கொடுக்க வேண்டியது நான். நான் நடுவில் நிறுத்தியிருக்கிற பையன் பெயர் டெல்பர்ட், பருத்தி ஆலைக்காரன் மகன். போன வெள்ளிக்கிழமை கையை உதறிக்கொண்டே ஓரத்துக்கு வந்தான். "விரல் இருக்கறதே தெரியல கோச்" என்றான். அவனை உட்கார வைத்தேன். தலைமைக் கோச் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான்கு நிமிடம் கழித்து நானே அவன் முதுகைத் தட்டி உள்ளே அனுப்பினேன்.

எனக்கு இந்த வேலை போனால் உங்களுக்கு அனுப்ப ஒன்றுமில்லை. இதை நியாயம் என்று எழுதவில்லை. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நான் ஊரார் பிள்ளையை என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொள்.

தர்மமாவது ஒன்றாவது. நாளைக்கு டெனிசனுக்கு போன் செய்யப் போகிறேன்.

லூ

ஸ்டோன் ஃபெரி
அக்டோபர் 28, 1979

லூ,

நீ பேசியது வேலை செய்தது. இப்படி வேலை செய்யாமலே இருந்திருக்கலாம்.

டெனிசன் நல்லவன். நீ கேட்டதற்காக ஒரே ஒரு ஆட்டம் நான்கு பேர் வைத்தான். நான்காவதாக அந்த ஒல்லிப் பையன் வெர்னை நிறுத்தினான், வேறு ஆள் இல்லை. மார்ட்டிக்கு எதிரே ஒருவன்தான். லூ, நீ பார்த்திருக்க வேண்டும். கட்டை அவிழ்த்துவிட்ட காளை மாதிரி ஓடினான். அவன் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லிச் சொல்லி அறிவிப்பாளனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. நான் முதல் தடவையாக மற்ற அம்மாக்களைப் போலப் பந்தைப் பார்த்தேன்.

ஆனால் எதிரணிக்கும் கண் இருக்கிறதே. இரண்டாம் பாதி முழுக்க வெர்ன் நின்ற பக்கமே ஓடினார்கள். அவன்மேல் ஏறி மிதித்துப் போனார்கள். தோற்றோம். முடிந்ததும் என் பின்னால் ஒரு ஆள், "பெட்ராக் டெக்சாஸ்ல இருந்துகிட்டே நம்மளைத் தோக்கடிக்கிறான்யா" என்றான். யார் மூலமோ நீ போன் செய்தது வெளியே போய்விட்டது.

மார்ட்டிக்கும் தெரிந்துவிட்டது. லாக்கர் அறையில் பையன்கள் அவனை "அப்பா பிள்ளை" என்றார்களாம். வீட்டுக்கு வந்து பையை எறிந்தான். "ஜெயிச்சுகிட்டு இருந்தோம்மா. அவரால முடியாததை நாங்க செஞ்சோம்னு அவருக்குத் தாங்கல. இனிமே அவர்கூட நான் பேச மாட்டேன்" என்றான். எனக்கு எந்தப் பக்கம் சேர்ந்து பேசுவது என்று தெரியவில்லை. இந்த வாரம் அவனே டெனிசனிடம் போய் தன்னை மறுபடி நடுவில் நிறுத்தச் சொல்லிக் கேட்டிருக்கிறான். நிறுத்திவிட்டான்.

அந்த ஆட்டத்தன்று கூட்டத்தில் பழுப்புக் கோட்டு போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். கல்லூரியிலிருந்து ஆள் பார்க்க வந்தவராம். அந்த ஒரு ஆட்டத்தைத்தான் பார்த்தார்.

ஐரீன்

கால்டர் வெல்ஸ்
நவம்பர் 18, 1979

ஐரீன்,

இன்றைக்கும் அவன் போனுக்கு வரவில்லை. பின்னால் அவன் பேசுவது கேட்டது, ரொட்டி தீர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தான். அதைக் கேட்டுக்கொண்டே நின்றேன். வீட்டுக்காரம்மா கதவைத் துடைப்பதை நிறுத்திவிட்டு எனக்கு ஒரு கோப்பை காபி கொண்டுவந்து வைத்தாள்.

உங்கள் ஆட்டப் பருவம் முடிந்தது, நல்லது. இங்கேயும் முடிந்தது. இனி ஆகஸ்ட் வரை அவன்மேல் யாரும் விழ மாட்டார்கள். அதற்குள் கை தேறிவிடும் என்று நானும் உன் பிரசவ டாக்டர் மாதிரிச் சொல்லிக்கொள்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது, பஸ் கட்டணம் அப்படி. அவனிடம் என்னைப் பற்றி நல்லதாக எதுவும் சொல்லாதே. சொன்னால் இன்னும் கோபப்படுவான்.

லூ

ஸ்டோன் ஃபெரி
ஜனவரி 27, 1980

லூ,

பழுப்புக் கோட்டுக்காரர் வீட்டுக்கு வந்தார். முட்டைக்கோஸ் சுருள் செய்தேன், மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். நல்ல மனிதர், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினார். நான்கு வருடமும் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, எல்லாம் அவர்கள் செலவு. மார்ட்டி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தை நீ பார்த்திருந்தால் எல்லாவற்றையும் மன்னித்திருப்பாய்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "உங்க முன்வரிசையில எத்தனை பேருங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எந்த அம்மாவும் இதைக் கேட்டதில்லை. மூணு பேர், மேடம். உங்க பையன் ஒருத்தனுக்கு எதிரா என்ன பண்றான்னு பார்த்தேன். அந்த வேகம் நடுவுல இருந்தா எங்களுக்கு நாலு வருஷத்துக்குக் கவலையில்லை" என்றார்.

நாம் அவனைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து ஏற்பாடு செய்த அந்த ஒரு ஆட்டம்தான் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தது. அங்கே இருக்கிறவர்கள் பள்ளிப் பையன்கள் இல்லை, வளர்ந்த ஆண்கள். நான் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

கையைப் பற்றிக் கேட்டாரா என்றால், கேட்டார். "அடிகிடி ஏதாவது?" என்று. மார்ட்டி என்னைப் பார்த்தான். "இல்ல சார்" என்றான். நானும் வாயைத் திறக்கவில்லை. அதற்கு முந்தின நாள்தான் மில்லின் இரண்டாவது உலையையும் அணைத்தார்கள்.

கல்லூரிச் சேர்க்கைத் தாளில் மார்ட்டி கையெழுத்துப் போட்டுவிட்டான். பெற்றவர்களில் ஒருவர் போட்டால் போதுமாம். பிப்ரவரி பதின்மூன்றாம் தேதி கடைசி. கூடவே அனுப்பியிருக்கிறேன். போடாதே என்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. போடு என்றும் எழுத முடியவில்லை. இந்த விளையாட்டைத் தெரிந்தவன் நீ. நீ முடிவு செய்.

ஐரீன்

கால்டர் வெல்ஸ்
பிப்ரவரி 6, 1980

ஐரீன்,

நான்கு நாள் மேஜைமேல் வைத்திருந்தேன். பேனாவை இரண்டு தடவை எடுத்தேன். திருப்பி அனுப்புகிறேன், போடாமல்.

நான் போட்டால், நடுவில் அவனை இரண்டாவது தடவையும் நானே நிறுத்தியவன் ஆவேன். போடாமல் கிழித்தால், அப்பன் பொறாமைக்காரன் என்று அவன் சொன்னது நிஜமாகிவிடும். சாகிறவரை அவன் மில் வாசலில் நின்று என்னைச் சபிப்பான். இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, எறும்புக்காவது குதித்துவிடலாம் என்று ஒரு யோசனை இருக்கும்.

டெல்பர்ட்டின் அம்மா நேற்றுக் கீழே தீவனக் கடைக்கு வந்தாள். ஆட்டங்கள் முடிந்து ஏறக்குறைய மூன்று மாதமாகியும் அவன் பேனா பிடிக்கும்போது கை நடுங்குகிறதாம். "சரியாயிடும் இல்ல, கோச்?" என்று கேட்டாள். "ஆயிடும்மா" என்றேன். எனக்குத் தெரியாது, ஐரீன். இத்தனை வருடம் எந்தச் சந்தை யார் அடைப்பது என்றுதான் கற்றுக்கொண்டேன். இது எனக்குத் தெரியாது.

அவன் பக்கத்தில் இருப்பவள் நீ. அவன் பித்தானைப் போட்டுவிட்டவள் நீ. நீ செய்வது எதுவானாலும் நானும் சேர்ந்து செய்ததாகவே அவனிடம் சொல்.

லூ

ஸ்டோன் ஃபெரி
பிப்ரவரி 13, 1980

லூ,

உறை நேற்று வந்தது. பிரித்துப் பார்த்து உன் இடம் காலியாக இருந்ததும் உன்மேல் வந்த கோபத்தை இங்கே எழுதினால் தபால்காரன் சுமக்க மாட்டான். அப்புறம் கோபம் போய்விட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இன்று காலை மார்ட்டி சமையல் மேஜையில் உட்கார்ந்திருந்தான். முட்டை ஆறிக்கொண்டிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். வெளியே மில்லில் சங்கு ஊதவில்லை. இப்போதெல்லாம் ஊதுவதில்லை. "கை எப்படிடா இருக்கு?" என்றேன். "நல்லா இருக்கும்மா." "உண்மையைச் சொல்லு." "நல்லா இருக்கணும்மா" என்றான்.

போட்டுவிட்டேன். உன் பெயரிலேயே என்னையும் சேர்த்து, திருமதி லூ பெட்ராக் என்று போட்டேன். நாமிருவரும் சேர்ந்துதான் செய்தோம் என்று சொன்னேன். அப்பாவுமா என்று கேட்டான். ஆமாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை போனுக்கு வருகிறேன் என்றான்.

அப்புறம் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டான், லூ. இடது கையால் மட்டும்.

ஐரீன்